யோக்கியசிகாமணியும் ஒரு பித்தளை டம்ளரும்

…அதைத்தான் சொல்கிறேன் செல்வி, அந்த டீவிக்காரனுக்கு வேஷம் கட்டவே தெரியவில்லை! நேற்று நீயும் என்னோடு உட்கார்ந்து பார்த்தாய்தானே? ஊரைத் திருத்த வந்தவனாம். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, டீக்கடையில் சிரிக்கிறவர்களுக்கு உபதேசம் பண்ணுகிறான், பார்க்கில் உட்கார்ந்த பிள்ளைகளை விரட்டுகிறான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு வசனம் முடிந்ததும் அவன் கண் ஓரமாகக் காமிராவைப் பார்க்கிறது, கவனித்தாயா? ‘எப்படி, சிரிப்பு வந்ததா?’ என்று கேட்கிற பார்வை. அங்கேதான் கோட்டை விட்டுவிட்டான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அவன் அப்பன் பிறப்பதற்கு முன்னாலேயே அதே வேஷத்தைக் கட்டியவள் நான்! கண்ணை உருட்டாதே. காபியைக் குடி முதலில், ஆறிவிடும். அந்த டம்ளரின் விளிம்பில் ஒரு இடம் சொட்டையாக இருக்கும், பார்த்துக் குடி.

உன் பள்ளிக்கூட மலரில், வேலைக்குப் போன பெரியவர்களின் அனுபவத்தைப் போடப்போகிறேன் என்று சொன்னாயே, நோட்டை எடு. எனக்கு எழுத்து தெரியாது. என் பேச்சை நீ புத்தகத் தமிழில் மாற்றிக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆட்கள் பேசியதை மட்டும் திருத்திவிடாதே. திருத்தினால் அவர்கள் முகமே எனக்கு மறந்துபோய்விடும்.

1. காதால் படித்த பாடம்

நான் வேலை பார்த்தது நாடகக் கம்பெனியில். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். படுதாக்கள், ஆர்மோனியப் பெட்டி, தகரக் கிரீடங்கள் எல்லாவற்றையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். ஒரு ஊரில் கொட்டகை போட்டால் இரண்டு மாதம், மூன்று மாதம் இருப்போம். அதற்குப் பெயர் கேம்ப்.

எனக்கு ஊர் இண்டூர். அம்மா அந்தக் கம்பெனிக்குச் சமையலுக்குப் போனாள், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அம்மிக்குப் பக்கத்திலேயே ஒத்திகை நடக்கும். மிளகாய் அரைக்க அரைக்க முழு நாடகமும் என் காதில் ஏறிவிட்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், சேவகன், யார் வசனம் கேட்டாலும் சொல்வேன். ஸ்திரீபார்ட்டுக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதுகூடச் சொல்வேன்! அம்மா கண்ணை மூடியபிறகு கம்பெனி வாத்தியார் என்னைத் தோழி வேஷத்துக்கு வைத்துக்கொண்டார். வாத்தியார் என்றால் கம்பெனிக்கு முதலாளியும் அவர்தான், நாடகம் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். எனக்கு வசனம் இரண்டே இரண்டு. “ஆம் தேவி.” “இல்லை தேவி.” அதையே நான் ஐந்து விதமாகச் சொல்வேன். இரு, சொல்லிக் காட்டட்டுமா? வேண்டாம், நீ எழுது.

பிறகு வாத்தியார் அச்சடித்த புதுப் புத்தகங்கள் வாங்கினார். அவரவர் பாகத்தை அவரவர் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். நோட்டைப் பார்த்து நாலு நாளில் பாடம் பண்ண வேண்டும். எனக்கும் ஒரு நோட்டு வந்தது. எறும்பு வரிசை போன மாதிரி இருந்தது. படித்துக் காட்டச் சொல்லி ஒவ்வொருவர் பின்னாலும் திரிந்தேன். ஒருநாள் படிப்பார்கள், இரண்டாம் நாள் சலித்துக்கொள்வார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் கேம்ப் போட்ட வாரம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார்.

“மாது, ஒன்னியப் பத்தி எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா நோட்டுப் படிக்கத் தெரியாதவள வெச்சிகிட்டு நா என்னா பண்றது சொல்லு? ஒங்க அண்ணனுக்கு எழுதிப் போட்டுட்டன். வர்ற சனிக்கெழம வண்டி கொண்டாருவான்.”

அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். இரண்டாம்தாரம். மாப்பிள்ளைக்கு என் அண்ணனைவிட வயது அதிகம். வண்டியில் ஏறினால் அந்த வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும், அது எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்கால நாடகத்தில் “ஆம் தேவி” என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அந்தக் கட்டத்தில் தேவிக்கும் அழுகைதான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாயங்கால நாடகம் என்றேனே, அதையும் எழுதிக்கொள். சண்டைக் காலத்தில் சீமையெண்ணெய் கிடைக்கவில்லை. விளக்கு ஏற்ற வழியில்லாமல் நாலு மணிக்கே படுதா தூக்கி, வெளிச்சம் இருக்கும்போதே மங்களம் பாடிவிடுவோம். முகத்தில் பூசிய அரிதாரம் வெயிலில் வழிந்து சட்டை எல்லாம் ரோஸ் கலராகிவிடும்!

2. நடை எடுப்பது

அந்தக் காலத்து நாடகத்தில் நடுநடுவே காமிக் வரும். எங்கள் கம்பெனி காமிக்குக்கு நாலு ஜில்லாவிலும் பேர். அதில் வருகிறவன்தான் யோக்கியசிகாமணி. உலகத்தில் தான் ஒருவன்தான் யோக்கியன் என்று நினைக்கிற ஆள். காபி குடித்தால் குற்றம், வெற்றிலை போட்டால் குற்றம், சத்தமாகச் சிரித்தால் பெரிய குற்றம். “சிரிக்காதீங்க! சிரிச்சா பல்லு தெரியும், பல்லு தெரிஞ்சா புத்தி கெடும்!” என்பான். “நாடு கெட்டுப்போச்சு!” என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவான். அவ்வளவுதான் வேஷம். பபூன் ராசு என்று ஒருவர் கட்டுவார்.

வசனம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நடை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அது எங்கள் கம்பெனி வழக்கம். புது ஊருக்குப் போனதும் ராசு அண்ணன் சந்தைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். யாராவது ஒருவருடைய நடையை, உட்காருகிற தினுசை, கை வீசுவதைக் கண்ணாலேயே எடுத்துக்கொண்டு வருவார். சாயங்காலம் மேடையில் அதை வைத்து நடந்தால் ஜனங்களுக்கு ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குதே’ என்று இருக்கும், யார் என்று பிடிபடாது. அதில்தான் சிரிப்பு.

அதற்கு ஒரு கண்டிஷன் உண்டு. முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்களுக்கு ஆறு நாற்காலி போட்டிருப்போம், மற்றவர்களுக்கு எல்லாம் மணல்தான். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் நடையைத் தொடவே கூடாது. அதனால் நடையை எடுத்த கையோடு காபி கிளப்புக்குள் போய், “அதோ போறாரே, அவரு யாருங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் திரும்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ராசு அண்ணனுக்குக் கண் எல்லாம் மஞ்சள். காமாலை. எழுந்து உட்காரவே முடியவில்லை. காமிக் இல்லாமல் நாடகம் போட்டால் ஜனங்கள் கொட்டகையையே பிரித்துப் போட்டுவிடுவார்கள். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் போய் முன்னால் நின்றேன். “வாத்தியாரே, நா கட்டறனுங்க.”

“என்னாத்த?”

“யோக்கியசிகாமணிய.”

“ஏய், அது ஆம்பள வேஷம்!”

“ஆம்பள வசனமும் எங்காதுலதான் வுழுந்துச்சுங்க.” சொல்லிவிட்டு மூச்சு விடாமல் முதல் காட்சி முழுவதையும் ஒப்பித்தேன். ராசு அண்ணன் பாயில் படுத்தபடியே, “ஒரு எழுத்து வுடலைங்க, என்னிய விட சுத்தமா சொல்றா” என்று முனகினார்.

வாத்தியார் யோசித்தார். “செரி, சந்தைக்கிப் போயி நடை எடுத்துட்டு வா” என்றார். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

3. சந்தைக்குள் வந்த குடை

செவ்வாய்ச் சந்தை. சித்தேரி மலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். ஆட்டுச் சத்தம், மாட்டுச் சத்தம். நான் ஒரு புளிய மரத்தடியில் நின்றேன். பத்துப் பேர் நடையைப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

அப்போதுதான் அந்தக் குடை வந்தது.

பெரிய கறுப்புக் குடை. மேலே பிடிக்கவில்லை, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தது. காய்கறி விற்கிற பெண்கள் இடப்பக்கம் என்றால் குடை இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் என்றால் வலப்பக்கம் சாயும். பெண்கள் முகத்தில் முழிக்கக்கூடாதாம்! குடைக்குக் கீழே சலவை வேட்டி, காலில் மரக்குறடு. தோள்பையிலிருந்து கயிற்றில் ஒரு பித்தளை டம்ளர் தொங்கியது. முகம் தெரியவே இல்லை. எதிரில் ஒரு எருமை வந்தது. அந்தக் குடை எருமைக்கும் சாய்ந்தது! அதுவும் பெண்தானே! நான் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

குடை நேராகக் காபி கிளப்புத் தாழ்வாரத்துக்குப் போனது. துண்டால் பெஞ்சை மூன்று தடவை தட்டியது. பிறகு உட்கார்ந்தது. டம்ளரை மட்டும் நீட்டி, “இதுல ஊத்து” என்றது. கடை டம்ளரில் யார் யாரோ வாய் வைத்திருப்பார்களாம்.

செல்வி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! யோக்கியசிகாமணி வசனம் இத்தனை நாளாகக் கால் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது, இப்போது கால் கிடைத்துவிட்டது.

யார் என்று கேட்க வேண்டுமே. ராசு அண்ணன் என்றால் காபி கிளப்புக்குள் போய்க் கேட்டிருப்பார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை காபி கிளப்புக்குள் கால் வைக்க முடியுமா? கம்பெனிக் கண்டிஷனைப் போட்டவர்கள் எல்லாம் ஆண்கள், அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்தில் தேன் விற்றுக்கொண்டிருந்த மலைக்கார அம்மாவைக் கேட்டேன்.

“அது யாருங்க ஆத்தா, கொடையோட போறது?”

“எனக்கெங்க ஆத்தா தெரியும்? சந்தைக்கி வந்தாக் கொடைதான் தெரியுது. உள்ள ஆளு இருக்குதா?”

சரி, ஆள் யாராக இருந்தால் என்ன என்று திரும்பி வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

4. மேடையில் இரண்டு குடை

அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்களும் மலைக்காரர்களும் அப்படியே நாடகத்துக்கு வந்துவிட்டார்கள். நான் கோட்டு, மீசை எல்லாம் போட்டுக்கொண்டு குடையைச் சாய்த்துப் பிடித்தபடி மேடைக்கு வந்தேன். பெண்கள் பக்கம் குடையைத் திருப்பினேன்.

முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெடித்தது பார்! ஊர்க்காரர்கள் மணலில் புரண்டார்கள். எதிரில் எருமை வருகிற மாதிரி வைத்து, அதற்கும் குடையைச் சாய்த்தேன். ஸ்டூலை மூன்று தடவை தட்டினேன், கூரை அதிர்ந்தது. டம்ளரை நீட்டினேன், யாரோ விசிலடித்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ‘அடி மாது, வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்டி’ என்று நினைத்துக்கொண்டேன்.

“நிறுத்து!”

முன்வரிசை நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து மேடைக்கு ஏறி வந்தார். சலவை வேட்டி, மரக்குறடு, தோள்பையில் டம்ளர். கையில் குடை.

காலையில் சந்தையில் பார்த்த அதே குடை!

“என்னா அக்கிரமம் இது! ஆம்பளையும் பொம்பளையும் ஒரே கொட்டாயில ஒக்காந்து பல்லக் காட்டறதா? நாடு கெட்டுப்போச்சு!”

செல்வி, அது அப்படியே என் அடுத்த வசனம்! பெண்கள் பக்கம் திரும்பித் திட்ட வேண்டும் என்று நினைத்தவர், பழக்கதோஷத்தில் குடையை விரித்து மறைத்துக்கொண்டார். மேடையில் இரண்டு குடை. கொட்டகை தாங்கவில்லை. அவர் யார் என்று தெரியாத வெளியூர்க்காரர்கள், “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார்கள்.

“டேய், ரெண்டாவதா வந்த ஆளுதாண்டா ஒசத்தி!” என்றான் பின்னால் ஒருவன். “மொத ஆளு சும்மா. இவன் பாரு, நெஜமாவே கோவம் வர்ற மாதிரி நடிக்கறான்!”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து நின்றார். அவருடைய சம்சாரம் என்று பிறகுதான் தெரிந்தது. “என்னாங்க, வூட்ல பண்றது பத்தலைன்னு இங்கியும் வந்து ஏறிட்டீங்களா? எறங்கி வாங்க!”

வாத்தியார் படுதாவை இறக்கிவிட்டார். உள்ளே வந்து தலையிலடித்துக்கொண்டார். “அடிப்பாவி, ஊருல வேற நடையே கெடைக்கலியா ஒனக்கு? அவரு மாந்தோப்புக்காரருடி! ஊரு ஒழுக்கத்துக்குன்னு சங்கம் வெச்சி நடத்தறவரு. நாம கொட்டாய் போட்டு நிக்கற மண்ணே அவருதுடி!”

5. தோப்பு வீட்டில்

“காலையில போயி கால்ல வுழு. அவரு மன்னிச்சா கம்பெனி இங்க நிக்கும். இல்லன்னா நாளைக்கே வண்டி பூட்டணும்” என்று சொல்லி அனுப்பினார் வாத்தியார்.

மாந்தோப்புக்கு நடுவில் வீடு. முன்வாசலில் யாரும் இல்லை. கொல்லைப்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது, அந்தப் பக்கம் போனேன். வேலி இடுக்கில் பார்த்தால், கயிற்றுக் கட்டிலில் ஒரு கிழவி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தாயார், நடமாட முடியாதவர். தோப்புக்காரர் அவருக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டுகிறார்!

“அப்பறம் என்னாடா பண்ணா அந்தப் பொண்ணு?”

“கொடைய இப்புடிச் சாச்சா ஆத்தா. அப்பறம் எருமை வந்தாப்ல வெச்சி, எருமைக்கும் சாச்சா. அக்கிரமம்! நா எருமைக்கெல்லாம் சாய்க்கறதே இல்ல!”

“சாய்ப்படா. நா பாத்திருக்கன்.”

“ஆத்தா!”

“செரி, மறுபடி மொதல்லருந்து நடந்து காட்டு.”

அவர் திரும்பினார், என்னைப் பார்த்துவிட்டார். பட்டென்று குடையை விரித்து நடுவில் பிடித்தார். நான் குடைக்கு இந்தப் பக்கம் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

“தப்புப் பண்ணிட்டனுங்க. யாருன்னு தெரியாமப் பண்ணிட்டனுங்க.”

குடை ஒரு எட்டு பின்னால் நகர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது.

“பெஞ்ச மூணு தடவ தட்டக்கூடாது.”

“என்னாங்க?”

“ரெண்டு தடவதான் தட்டுவன். மூணாவது ஊதுவன். நீ ஊதறதப் பாக்காம வுட்டுட்ட.”

கிழவி கட்டிலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

குடை கனைத்துக்கொண்டது. “வெள்ளிக்கெழம அதே நாடகத்தப் போடச் சொல்லு ஒங்க வாத்தியார. நானே மேல ஏர்றன். நல்லவன்னா எப்புடி இருப்பான்னு சனங்க பாக்கட்டும். செரியா நடந்தாக் கொட்டாய் நிக்கட்டும். இல்லைன்னா சனிக்கெழம காலி பண்ணிடுங்க.”

சனிக்கிழமை! எனக்கும் அதே சனிக்கிழமைதான்.

வெளியே வந்தபோது ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. நல்லவனைக் காட்டுவதற்காக அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கேட்ட அந்தச் சத்தம் இருக்கிறதே, அதை மறுபடி கேட்க வருகிறார். அந்த ஆசை எனக்குத் தெரியாதா?

6. வெள்ளிக்கிழமை

சுற்றுவட்டாரமே வந்துவிட்டது. இடமில்லாமல் புளிய மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். தோப்புக்காரருடைய தாயாரைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பெண்கள் பக்கம் ஓரமாக நிறுத்தினார்கள்.

நான் முதலில் போய் நாலு வசனம் சொன்னேன், நல்ல சிரிப்பு. சொல்லிவைத்த இடத்தில் அவர் ஏறி வந்தார். புது வேட்டி, எண்ணெய் தடவி வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி. குடையைச் சாய்த்தார். ஸ்டூலை இரண்டு தடவை தட்டி ஊதினார், டம்ளரை அவிழ்த்து அதன்மேல் வைத்தார். “நாடு கெட்டுப்போச்சு!” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

யாரோ இருமினார்கள். எங்கேயோ குழந்தை அழுதது. அவர் மறுபடியும் அதையே சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண் ஓரமாக ஜனங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் செல்வி! நேற்று டீவியில் பார்த்தோமே, அதே பார்வை. விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. குடையை இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. படுதா ஓரத்தில் வாத்தியார் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இறக்கிவிடட்டுமா என்று கேட்டார் கண்ணாலேயே. இறக்கினால் அவ்வளவுதான். கொட்டகையும் போச்சு, நானும் அண்ணன் வண்டியில் ஏற வேண்டியதுதான்.

ஸ்டூலின் மேல் அவருடைய டம்ளர் இருந்தது.

எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்த நோட்டிலும் இல்லை அது. டம்ளரை எடுத்தேன். மேடைக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் வாயை வைத்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அவர் குடையைத் தாழ்த்தி டம்ளரை எட்டிப் பார்த்தார்.

“அடிப் பாவி!” அவர் குரல் கிழிந்துவிட்டது. “எச்சப் பண்ணிட்டியேடி! பதினாலு வருசமா எவன் வாயும் படாத டம்ளருடி! பெத்த ஆத்தாளுக்கே குடுத்ததில்லடி!”

“ஆமாடா!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து கட்டில் கத்தியது. “காச்சல்ல கெடக்கறப்பக்கூட எனக்குத் தரல அவன்!”

அவ்வளவுதான். மரத்திலிருந்த ஒருவன் சிரித்த சிரிப்பில் கீழே விழுந்தான். தோப்புக்காரர் டம்ளரைப் பிடுங்கினார், நான் விடவில்லை, அது எகிறி மேடை ஓரத்துக் கல்லில் விழுந்து உருண்டது. அவர் குடையை ஓங்கினார். வாத்தியார் படுதாக் கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டு மேடைக்கு ஓடிவரப் பார்த்தார். எனக்கும் ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் நான் யோக்கியசிகாமணி இல்லையா? அவன் பயப்பட மாட்டானே. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டேன்.

“ஐயா, நீங்க யோக்கியரு. நானும் யோக்கியன். யோக்கியன் வாயி பட்டா அது எப்புடிங்க எச்சி ஆவும்?”

ஓங்கிய குடை அப்படியே நின்றது. அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்தக் கேள்வியை அவர் நிஜமாகவே யோசிக்கிறார் என்பது என் கண் முன்னால் தெரிந்தது. முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம், என்ன சொல்ல, பாக்கு இடிக்கிற சத்தம் மாதிரி ஒரு சிரிப்பு!

“பல்லு தெரியுது! பல்லு தெரியுது!” என்று மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்று கத்தியது.

7. சனிக்கிழமை

அண்ணன் வண்டியோடு வந்து நின்றான். வாத்தியார் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மாதம்மா வரமாட்டா. போயி சாப்ட்டுட்டுக் கெளம்புப்பா” என்றார் நிமிராமலே. “மாது, நீ இங்க பாரு. நா படிக்கறன், நீ காதுல வாங்கு. எத்தினி தடவ வேணும்னாலும் கேளு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாத்தியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி கலைகிறவரைக்கும் யோக்கியசிகாமணி வேஷம் என்னுடையதுதான். ராசு அண்ணன் காமாலை தெளிந்து வந்து, “எனக்கு சேவகன் போதும்ப்பா” என்றுவிட்டார். தீர்த்தமலைத் திருவிழாவில் நான் அந்த வேஷம் கட்டியபோது, ஒரு சாமியார்… சரி, அது வேறு கதை, எங்கெங்கோ போகிறேன்.

டம்ளர் மேடையிலேயே கிடந்தது. புளி போட்டுத் துலக்கி, தோப்பு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் குடை விரிந்தது. நான் டம்ளரை நீட்டினேன். பிறகு குடை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கமாக ஒரு முகம் தெரிந்தது. என்னை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தார்.

“நீ இத்தினி சின்னப் பொண்ணா?”

“ஆமாங்க.”

“நீயே வெச்சுக்க அத. இனிமே அது எனக்கு ஆவாது.”

எச்சில் பட்டதால் ஆகாது என்றாரா, பரிசாகக் கொடுத்தாரா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. முகம் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த கேம்ப் முடிகிறவரை முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி, அவர் தாயாருக்கு ஒரு கட்டில், இரண்டும் ஒருநாள்கூடக் காலியாக இருந்ததில்லை. கொட்டகையும் நின்றது.

பிள்ளைகளுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றாயே, இதை எழுது. சிரிக்க வைக்கிற வேலைக்கு வந்தால், சிரிப்பு வருகிறதா என்று பார்க்காதே. வேஷம் கட்டிய ஆள் எதை உயிராக நினைக்கிறானோ அதை நீயும் உயிராக நினை. தோப்புக்காரர் செவ்வாய்க்கிழமை நிஜமாகக் கத்தினார், ஊரே சிரித்தது. வெள்ளிக்கிழமை சிரிக்க வைக்கக் கத்தினார், ஒரு ஈ சிரிக்கவில்லை. அந்த டீவிப் பையனுக்கு யாராவது இதைச் சொன்னால் தேவலை. இன்னொன்று. யாருடைய நடையை எடுத்தாலும் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எடு.

என்ன, எழுதுவதை நிறுத்திவிட்டு டம்ளரையே பார்க்கிறாய்? ஆமாம், கல்லில் விழுந்த சொட்டைதான் அது. ஏன் கீழே வைக்கிறாய்? குடி, குடி! அன்றையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேர் வாயும் பட்ட டம்ளர், உன் வாய் பட்டால் என்ன… ஐயோ, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேனே! தள்ளு, தள்ளு, பொங்குகிற வாசம் வருகிறது!